ஊர் தாண்டாத வண்டி

குத்தாலம்
3 ஜனவரி 2024, புதன்

சமீர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மச்சான் என்று எழுதிப் பழகிய கை. அதனாலேயே இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

தலாக் ஆகி ஆறு மாதமாக உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. எனக்காக என்றால் இப்போதும் எழுதமாட்டேன். மாமிக்காக எழுதுகிறேன். நீங்கள் நஃபீசாவைக் கட்டிக்கொண்டு நாகூர் போனபோது, "நான் எங்கயும் வரல, ஹுமைராகூடவே இருந்துக்குறேன்" என்று பெற்ற பிள்ளையை விட்டு என்னோடு தங்கிவிட்டாரே, அந்த சைத்தூன் பீவிக்காக.

மாமிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. டிசம்பரிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மாயவரத்தில் டயாலிசிஸ். உங்களிடம் சொல்லாதே என்றார். சொல்லிவிட்டேன். காலை ஆறு மணிக்கு மெஷினில் படுக்க வேண்டும். பஸ் படியில் அவரால் கால் தூக்கி வைக்க முடியாது. அந்த நேரத்தில் ஆட்டோவை நம்ப முடியவில்லை. அதனால் உங்கள் அத்தா விட்டுப்போன பழைய வண்டியில்தான் போகிறோம். மாமியைப் பின்னால் உட்காரவைத்து, துப்பட்டாவால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறேன். சிரிக்காதீர்கள்.

வண்டி வழியில் நின்றுவிடுகிறது. தொண்டை கட்டினமாதிரி இரண்டு முறை இருமும், பிறகு அணையும். உதைத்து உதைத்து என் கணுக்கால் வீங்கிப்போனது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானாக எடுக்கிறது. நேற்று அப்படி நின்றதில் மாமியின் ஷிப்ட் போய்விட்டது. சேரன் மெக்கானிக்கிடம் காட்டினேன். ஊருக்குள் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, "அக்கா, வண்டி தங்கமா ஓடுது" என்கிறார். ஊருக்குள் நன்றாகத்தான் ஓடுகிறது. அதுதான் புரியவில்லை.

போனில் கேட்க வழியில்லை. என்னை ஏசி நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஜமாத்தில் போட்டுக் காட்டினேன் என்ற கோபத்தில், இனி எதுவானாலும் எழுத்தில்தான் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினீர்கள். நம்பரையும் மாற்றிவிட்டீர்கள். பள்ளிவாசல் முத்தவல்லி மீரா சாகிப் பாயிடம் இருந்த ஒர்க்‌ஷாப் முகவரிக்கு இதைப் போடுகிறேன். அந்த வண்டியின் நரம்பெல்லாம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

ஹுமைரா


நாகூர்
6 ஜனவரி 2024

ஹுமைரா,

உன் கடிதம் வந்தது. எழுத்து இன்னும் கோழி கிளறினமாதிரிதான் இருக்கிறது. முதலாளி ஜாஃபர் சாதிக் பாய்க்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "தொண்டை கட்டினமாதிரி இருமும்" என்ற இடத்தில் கடையே சிரித்தது. வண்டிக்குக் கஷாயம் வைத்துக் கொடு.

ஜமாத்தில் நாற்பது பேர் நடுவில் என் குரலைப் போட்டாயே, அன்றைக்கு நான் எப்படித் தலை குனிந்து நின்றேன் என்று உனக்குத் தெரியாது. இப்போது உன் பாட்டை நாலு பேர் கேட்டால் என்ன?

சரி, அம்மாவுக்காகச் சொல்கிறேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்று. முனையைப் பார். கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தால் பெட்ரோலில் ஆயில் கூடுதல். வெளுத்திருந்தால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. காபிப்பொடி நிறத்தில் இருந்தால் இன்ஜினில் குற்றமில்லை, ஓட்டுகிறவளிடம்தான் குற்றம்.

அம்மா ஏன் அங்கே கிடந்து சாக வேண்டும்? இங்கேயும் டயாலிசிஸ் இருக்கிறது. பெற்ற தாயே கூட வரவில்லை என்று இங்கே என்னை ஏளனம் பேசுகிறார்கள். அனுப்பிவிடு. வண்டியும் வேண்டாம், வைத்தியமும் வேண்டாம், உனக்குத் தொல்லை தீர்ந்தது.

சமீர்


குத்தாலம்
10 ஜனவரி 2024

சமீர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடை சிரித்ததில் சந்தோஷம். ஜாஃபர் பாய்க்கு என் சலாம்.

வீட்டில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். காபிப்பொடி நிறம். அப்படியென்றால் குற்றம் என்னிடம், விஷயம் முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் நேற்று நின்ற இடத்திலேயே ஸ்பேனரை எடுத்துக் கழற்றினேன். ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருக்கிறார்கள். அதன் ஓரத்தில் மாமியை உட்காரவைத்துவிட்டு, துணியைச் சுற்றிப் பிடித்து, கை சுட்டபடி கழற்றினேன். முனை வெளுத்திருந்தது. நீங்கள் எழுதியபடி பார்த்தால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகவில்லை. வீட்டில் போகிறது, வழியில் போகவில்லை. ஏன்?

நேற்று கடைசி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். திட்டினார்கள், ஆனால் மெஷினில் போட்டார்கள்.

மாமியை அனுப்புவது பற்றி நான் அவரிடமே கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன் கூப்புட்டா போறதுக்கு நான் என்ன அவன் ஓட்டுன வண்டியா? புள்ள இல்லைன்னு ஒருத்திய வெரட்டுனவன் வூட்டுல எனக்குச் சோறு எறங்குமா?" நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தோன்றியது.

பெட்ரோல் ஏன் போகவில்லை என்று எழுதுங்கள்.

ஹுமைரா


நாகூர்
13 ஜனவரி 2024

ஹுமைரா,

பெரிய மெக்கானிக் ஆகிவிட்டாய். வழியிலேயே பிளக் கழற்றினாயாமே! பிள்ளை பெற வக்கில்லாதவளுக்கு ஸ்பேனராவது பிடிக்க வருகிறதே. நஃபீசாவுக்கு இது நாலாம் மாதம், உனக்குத் தெரிந்திருக்கும்.

அம்மா பேசியது அம்மா பேச்சு இல்லை, நீ ஊதிக் கொடுத்தது.

பெட்ரோல் போதவில்லையா? கார்புரேட்டரைக் கழற்று. அடியில் கிண்ணம்போல இருக்கும், அதில் தண்ணீரோ தூசியோ கிடந்தால் கொட்டு. நடுவில் பொடித் துளையோடு ஜெட் இருக்கும், ஊதிச் சுத்தம் பண்ணு. பிறகு டேங்க் நிறைய, கழுத்து வரை பெட்ரோல் அடி. பாதி டேங்க்கில் ஓட்டினால் பழைய வண்டிக்கு ஆகாது. மாயவரம் போகும் நாளிலெல்லாம் நிறைத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். நிறைத்த பிறகு மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே. அறுப்புக் காலம், தூசி விழும்.

இதெல்லாம் செய்தும் நின்றால் பிளக்குக்குப் பொறி தரும் காயில் போயிருக்கும். அந்தக் காயில் இப்போது எங்கேயும் கிடைக்காது. அப்போது அம்மாவை இங்கே அனுப்புவதைத் தவிர உனக்கு வேறு வழி கிடையாது. யோசித்துக்கொள்.

சமீர்


குத்தாலம்
20 ஜனவரி 2024, சனி

சமீர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பொங்கலால் தபால் இல்லை. உங்கள் கடிதம் வியாழக்கிழமைதான் வந்தது. எழுதியதில் பாதியை விட்டுவிட்டு, வேலைக்கு ஆகும் பாதியை மட்டும் படித்தேன்.

கார்புரேட்டரைக் கழற்றினேன். கிண்ணத்தில் தூசியும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஜெட்டை ஊதினேன். சாயங்காலம் டேங்க்கைக் கழுத்து வரை நிறைத்தேன். நேற்று வெள்ளிக்கிழமை புறப்பட்டோம். வழக்கமாக நிற்கும் இடம்வரைகூடப் போகவில்லை. அதில் பாதியில் நின்றது. சும்மா விட்டுப் பார்த்தேன், எடுத்தது. இரண்டு கிலோமீட்டர் போய் மறுபடி நின்றது. மறுபடி எடுத்தது, மறுபடி நின்றது. போய்ச் சேரும்போது எட்டு மணி. மெஷினில் வேறொருவர். திரும்பி வந்துவிட்டோம். திரும்பும்போது மூன்று தடவை.

நிறைத்தால் ஏன் சீக்கிரம் நிற்கிறது? உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

மாமிக்குக் கால் இரண்டும் தூண்போல வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணையை அடுக்கி உட்கார்ந்தே தூங்குகிறார். தண்ணீர் அரை டம்ளருக்கு மேல் கொடுக்கக் கூடாது. "நாக்க நனைக்க ஒரு சொட்டு குடுடி" என்று கெஞ்சுகிறார். கொடுக்காமல் இருக்கிறேன். நான் எவ்வளவு கல்நெஞ்சக்காரி என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

சமீர், நான் தோற்றுவிட்டேன். எழுதிவிட்டேன், போதுமா? வாருங்கள். கார் வைத்துக்கொண்டு வந்து உங்கள் அம்மாவை அழைத்துப் போங்கள். நான் மாமியின் காலைப் பிடித்துச் சம்மதிக்க வைக்கிறேன். செவ்வாய்க்குள் வாருங்கள். வெள்ளியைத் தாண்டக் கூடாது. இந்த வீட்டில் உங்களை ஒரு சொல் சொல்லமாட்டேன்.

ஹுமைரா


நாகூர்
23 ஜனவரி 2024, செவ்வாய்

ஹுமைரா,

நேற்று வந்தது. "நான் தோற்றுவிட்டேன்" என்ற வரியை நாலு தடவை படித்தேன். அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

வருகிறேன். ஆனால் நீ கூப்பிட்டவுடன் ஓடிவர நான் இப்போது உன் புருஷன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் கடை லீவு. அதற்குள் இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒன்று, "மாமியை இத்தனை நாள் தடுத்து வைத்தது நான்தான்" என்று ஜமாத்துக்கு நீ எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு, "என் மகனிடம் போகிறேன்" என்று அம்மா கைரேகை வைத்த தாள் எனக்குத் தபாலில் வர வேண்டும். எழுத்தில். நீ கற்றுக்கொடுத்ததுதான்.

அதுவரை வெள்ளிக்கிழமை ஆட்டோ பிடித்துக்கொள். அந்த வண்டியை நம்பாதே. மாயவரம் ரோட்டில் மல்லியம் வரைக்கும்தான் உன் ஆட்டம் எல்லாம். அதைத் தாண்ட உன்னால் முடியாது. இப்போதாவது புரிகிறதா?

சமீர்


நாகூர்
27 ஜனவரி 2024, சனி

ஹுமைரா,

தாள் இன்னும் வரவில்லை. நேற்று குடியரசு தினம், தபால் இல்லை. திங்கட்கிழமை வரலாம்.

நஃபீசா உன் கடிதங்களை எடுத்துப் படித்துவிட்டாள். நேற்றிலிருந்து வீட்டில் உலை வைக்கவில்லை. "பெத்தவள வெச்சு வெளையாடுற மனுசன் நாளைக்கு என் வயித்துல இருக்கறத என்ன பண்ண மாட்டீங்க?" என்று கேட்கிறாள். எல்லாம் நீ பார்த்த வேலை. ஊரில் இருந்துகொண்டே என் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டாய்.

கேட்டுக்கொள். ஒரு தடவைதான் சொல்வேன். பெட்ரோல் டேங்க் மூடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். உள்ளே பெட்ரோல் குறையக் குறைய அந்தத் துளை வழியாகத்தான் காற்று போகும். துளை அடைத்தால் காற்று போகாது, பெட்ரோல் இறங்காது. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, இன்னும் சீக்கிரம் நிற்கும். ஊசியால் குத்தாதே, போகாது. மூடியை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு ஓட்டு. கடல் வரைக்கும் ஓடும்.

செவ்வாய்க்கிழமை அம்மாவை அதிலேயே அழைத்துப் போ. கைரேகைத் தாள் வேண்டாம். ஜமாத்துக்கும் எழுத வேண்டாம். கீழே என் புது நம்பர் எழுதியிருக்கிறேன். அம்மாவை ஒரு தடவை பேசச் சொல். எனக்கு அம்மா குரலைக் கேட்க வேண்டும்போல இருக்கிறது.

சமீர்


குத்தாலம்
29 ஜனவரி 2024, திங்கள்

சமீர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. நம்பரும் வந்தது.

இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். மாமி வெள்ளிக்கிழமை காலை மௌத்தாகிவிட்டார். அன்றைக்கே சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நேற்று மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதினோம்.

செவ்வாய்க்கிழமையும் ஷிப்ட் தவறிப்போனது. வெள்ளிக்கு நீங்கள் சொன்னபடி ஆட்டோவுக்குத்தான் சொல்லி வைத்திருந்தேன். வரவில்லை. மாமி உட்கார்ந்தபடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். போயே ஆக வேண்டும். துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். டேங்க் நிறைத்திருந்தேன். அதுவும் நீங்கள் சொன்னதுதான். மல்லியம் பக்கத்தில் மூன்றாவது முறையாக நின்றது. முதுகில் மாமியின் தலை சாய்ந்து கனத்தது. துப்பட்டா முடிச்சை அவிழ்த்தேன்.

அங்கே பஞ்சநதம் என்று ஒரு விவசாயி ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார். ஓடிவந்து, நெல்லைக் கையால் ஒதுக்கித் தள்ளி, அந்தத் தார்ப்பாயிலேயே மாமியைப் படுக்க வைத்தார். மூட்டை ஏற்றப் போன வேனைப் போன் போட்டுத் திரும்பக் கூப்பிட்டார். நான் உதைத்துக்கொண்டே இருந்தேன். பைத்தியக்காரிபோல உதைத்தேன். வேன் வந்தபோது மாமி இல்லை.

பிறகும் நான் உதைத்துக்கொண்டிருந்தேன்போல. பஞ்சநதம்தான் என்னை நகர்த்திவிட்டு, "இரும்மா, எங்க பம்புசெட்டு ஆயில் இன்ஜினும் இப்புடித்தான் நிக்கும். மூடி ஓட்டையில கொளவி கூடு கட்டிருக்கும்" என்று டேங்க் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்றை இழுத்தது. "இப்ப ஒதைங்க" என்றார். ஒரே உதை. எடுத்துவிட்டது. மாமி பக்கத்தில் கிடக்க, வண்டி தங்கமாக ஓடிக்கொண்டு நின்றது.

அடக்கம் முடிந்து சேரன் மூடியைக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். குளவி மண்ணால் அடைக்கும். இதில் இருந்தது ஈயம். உள்பக்கமாக உருக்கி ஒரு சொட்டு வைத்து, வெளியே தெரியாமல் அரம் போட்டுத் தேய்த்திருந்தது. சேரன் அதை விரலால் தடவிவிட்டு, "இந்த ஏரியாவுல இவ்வளவு சுத்தமா ஈயம் வெக்கிறவரு ஒருத்தர்தான்க்கா" என்றார். நீங்கள் நாகூர் போகும் முந்தின நாள், "கடைசியா ஒரு நல்லது பண்ணிட்டுப் போறேன்" என்று பகல் முழுக்க வாசலில் உட்கார்ந்து வண்டிக்குச் சர்வீஸ் செய்தீர்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

அப்போது மாமிக்கு டயாலிசிஸ் இல்லை. அப்படியென்றால் அந்த ஈயம் எனக்காக வைத்தது. கடைத்தெருவுக்குப் போகலாம், பள்ளிவாசல் தெருவுக்குப் போகலாம், ஊர் தாண்டக் கூடாது. விட்ட பிறகும் கயிற்றின் முனையைக் கையில் வைத்திருந்தீர்கள். எங்கே நிற்கிறது என்று நான் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை, நீங்கள் மல்லியம் என்று எழுதினீர்கள். அதை வியாழக்கிழமை வாசித்தபோதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். மாமியின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்ததில் விட்டுவிட்டேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். நீங்கள் தாயைக் கிள்ளினீர்கள்.

இனி என் கணக்குக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மீரா சாகிப் பாய், "சமீருக்கு ஆள் அனுப்பவாம்மா? ஒன்றரை மணி நேரம்தான். அசருக்குள்ள வந்துருவான்" என்று கேட்டார். அவர் மகன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். நான் வேண்டாம் என்றேன். "இனி எதுவானாலும் எழுத்துலதான்னு கையெழுத்துப் போட்டுருக்கேன் பாய், நான் எழுதிடுறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் அவர் முன்னால் போட்ட கையெழுத்து அது. மகனிடமிருந்து சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். நீங்கள் தோள் கொடுக்க வேண்டிய மாமியின் சந்தூக்கை அவர் மகன் முன்னால் நின்று தூக்கினார். மூன்று பிடி மண் முதலில் யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பெண்களை அங்கே விடுவதில்லை.

இன்று நம்பர் கைக்கு வந்தும் கூப்பிடவில்லை. இதையும் சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன். இன்னும் இரண்டு நாள் நீங்கள் தாய் உள்ளவராக இருங்கள். நீங்கள் வைத்த ஈயத்துக்குப் பதிலாக நான் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான்.

அம்மா குரலைக் கேட்க வேண்டும்போல இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். குரலைக் கொடுக்க முடியாது, சொன்னதைக் கொடுக்கிறேன். தார்ப்பாயில் படுத்திருக்கும்போது, நான் வண்டியை உதைத்துக்கொண்டே காது கூசும் வார்த்தைகளால் உங்களைத் திட்டினேன். மாமி என் புடவையைப் பிடித்து இழுத்தார். "அவனத் திட்டாதடி. எம்மவன் சமீரு மட்டும் இங்க இருந்தான்னா ஒரு நிமிசத்துல சரி பண்ணிருவான்" என்றார்.

மரணப் படுக்கையில் இருப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கலிமா சொல்லிக் கொடுக்க வேண்டும், கடைசி வார்த்தை அதுவாக இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். நான் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தேன், சமீர். அதற்குப் பிறகு மாமி ஒன்றும் பேசவில்லை.

ஹுமைரா